வலிக்காத குரல்

கடலும் இல்லாமல் ஆறும் இல்லாமல், பெய்தால் பெய்யட்டும் பெய்யாவிட்டால் போகட்டும் என்று வானத்தோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு, கருவேல மரத்தைச் சுட்டுக் கரியாக்கி வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்த வெள்ளாரேந்தலில், கொஞ்ச காலம் எந்தச் சொல்லும் எவரையும் நோகடிக்காமல் இருந்தது. இதைக் கேள்விப்பட்டு எந்தப் பத்திரிகைக்காரரும் படம் பிடிக்க வரவில்லை. வந்திருந்தாலும் வெள்ளாரேந்தல்காரர்கள் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, இதில் என்ன அதிசயம் கிடக்கிறது, நல்ல டியூப்பு, அம்புட்டுத்தான் என்று சொல்லிப் பஸ் ஏற்றி விட்டிருப்பார்கள்.

அந்த டியூப் இருந்தது சீமைச்சாமியின் வீட்டில். கரிமூட்டம் போடுகிற சீமைச்சாமிக்கும் அவர் மனைவி இருளாயிக்கும் ஒரே பிள்ளை மணிபாரதி. ராமநாதபுரத்தில் செல்போன் கடையில் வேலை பார்த்த அவன், கூட வேலை பார்த்த பையன்கள் எல்லாம் பைக்குக்கும் சட்டைக்கும் சம்பளத்தைக் கொட்டியபோது, தன் சம்பளத்தைக் காதுக்குக் கொட்டினான். சீனாவிலிருந்து பார்சலில் வந்து இறங்கியது ஒரு பெட்டி. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். அடியில் மரப்பலகை, மேலே கண்ணாடிக் குப்பி போல இரண்டு டியூப், உள்ளே ஆரஞ்சு நிறத்தில் மினுக்கு மினுக்கென்று ஒரு கம்பி. அதோடு சேர்த்து மாட்டிக்கொள்ள, இரண்டு காதையும் முழுசாக விழுங்குகிற ஒரு ஹெட்போன்.

"என்னடா இது, எங்க தாத்தன் காலத்து வால்வு ரேடியோவையா காசு குடுத்து வாங்கியாந்துருக்கே?" என்று கேட்டார் சீமைச்சாமி.

"அது இல்லப்பா, இது புதுசு. பழைய வால்வு கொழகொழன்னு பேசும். இது தெளிவாத்தான் பேசும், ஆனா குத்தாது. சத்தத்தோட முனையை மட்டும் லேசா மழுக்கி விட்டுரும். மோசமா ரெக்கார்டு பண்ணுனதக்கூட மன்னிச்சு விட்டுரும்."

"பொட்டி மன்னிக்குதாக்கும்! உங்கம்மாகிட்ட இல்லாத குணம் இதுகிட்ட இருக்கா?"

"சூடேறட்டும், பேசாம உக்காருங்க."

சூடேறியதும் அவன் அப்பாவின் தலையில் ஹெட்போனை மாட்டி, ஊர்க் கோயில் திருவிழாவில் தன் போனிலேயே பிடித்த நாதஸ்வரத்தைப் போட்டான். அந்தப் பதிவு போனில் கேட்டால் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கும். பெட்டி வழியாக வந்தபோது நாதஸ்வரம் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது, தவில் கொஞ்சம் தள்ளி இடது பக்கம் நின்றது, ஓசையின் ஓரமெல்லாம் வழவழவென்று தேய்ந்து, அடித்தொண்டை மட்டும் கனத்து, எல்லாம் மடியில் வந்து உட்காருகிற நெருக்கத்தில் இருந்தது. சீமைச்சாமி திரும்பி, தவில்காரர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காதது போல மீசையைத் தடவிக்கொண்டு, "சுமார்தான்" என்றார்.

இருளாயிக்கு ஒரு காது மந்தம். அவளுக்கு இந்த ஹெட்போன் மிகவும் பிடித்துப்போனது. ஆகவே, பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை, தங்குகிற இடம் இலவசம் என்று ஒரு ஏஜெண்டு சொன்னதை நம்பி மணிபாரதி விமானம் ஏறியபோது, பெட்டியைத் தன்னோடு எடுத்துப் போகாமல் அம்மாவுக்கு விட்டுவிட்டுப் போனான். நான் அனுப்புற வாய்ஸ் எல்லாம் இதுல கேளும்மா, பக்கத்துல இருந்து பேசுற மாதிரியே இருக்கும் என்று சொல்லி, எந்தப் பொத்தானை அமுக்குவது, எந்தக் கம்பியைப் போனில் குத்துவது என்று விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தான்.

முதல் வாய்ஸ் வந்தபோது சீமைச்சாமி மூட்டத்தடியில் இருந்தார். போனைக் காதில் வைத்துக் கேட்டார்.

"அப்பா, இது நம்ம நெனச்ச வேலை இல்லப்பா. ஒரு ஆத்தைத் தாண்டி எங்கயோ கூட்டியாந்துட்டாங்க. சுத்தி வேலி. யாரு எவருன்னு தெரியாத ஆளுககிட்டப் போன்ல இனிக்க இனிக்கப் பேசி ஏமாத்தணுமாம். மாட்டேன்னா உடம்புல கரண்டு வைக்கிறாங்கப்பா. அம்மாகிட்டச் சொல்லாதீங்க. எப்படியாவது வந்து கூட்டிட்டுப் போங்கப்பா."

சீமைச்சாமி இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார். மூட்டத்தில் ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்து, மரம் கரியாகாமல் கொழுந்து விட்டெரிந்து சாம்பலாகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து ஓட ஆரம்பித்தார். ஏஜெண்டின் கடைக்கு ஓடினார், பூட்டியிருந்தது. ஸ்டேஷனுக்கு ஓடினார், உட்காரச் சொன்னார்கள். மாவட்டத் தலைநகரத்தில் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கும், அங்கிருந்து திரும்ப முதல் அலுவலகத்துக்கும் ஓடினார். சோறு இறங்கவில்லை, கண் மூடவில்லை, செருப்பு அறுந்தது தெரியவில்லை. பிள்ளையின் குரல் நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டு அவரை ஓட வைத்தது.

அப்படி ஓடிவிட்டு ஒருநாள் சாயங்காலம் திரும்பியபோது இருளாயி அவர் மறந்து வைத்துவிட்டுப் போன போனைப் பெட்டியில் குத்தி, ஹெட்போனை மாட்டி உட்கார்ந்திருந்தாள். போச்சு, தெரிந்துவிட்டது, இனி இவளை எப்படித் தேற்றுவேன் என்று அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இருளாயி ஹெட்போனைக் கழற்றினாள்.

"புள்ளைக்குக் கரண்டு வைக்கிறாகளாம்ங்க" என்றாள், கடையில் உப்பு தீர்ந்துவிட்டதாம் என்று சொல்கிற குரலில். "சுத்தி வேலியாம். தோசை ஊத்தவா?"

"அடியே, உனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா?"

"எனக்கென்ன? நல்லாத்தானே பேசுறான். நீங்களும் கேளுங்க."

அவர் ஆத்திரத்தோடு வாங்கி மாட்டினார். ஒரு சொல் குறையவில்லை. ஆறு இருந்தது, வேலி இருந்தது, கரண்டு இருந்தது, வந்து கூட்டிட்டுப் போங்கப்பா என்பதும் அப்படியே இருந்தது. ஆனால் எதற்கும் முனை இல்லை. பிள்ளை பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாய்க்காலில் தண்ணி வருது என்று சொல்வது போல இதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க முள் கரைந்தது. அந்த நிம்மதி அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் வேண்டியும் இருந்தது, அன்றைக்குப் படுத்ததும் தூங்கினார்.

இப்படித்தான் தொடங்கியது. துக்கம் விசாரிக்க வந்த டீக்கடை ஜெகவீரன், அவரைச் சித்தப்பு முறை வைத்துக் கூப்பிடுகிறவன், ஒரு தடவை கேட்டுவிட்டுப் போனான். மறுநாள் தன் போனோடு வந்தான். வேற்றுச் சாதியில் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போன அவன் மகள், இனிமே நீ எனக்கு அப்பனே இல்லை, நீ செத்தாலும் வரமாட்டேன் என்று எப்போதோ அனுப்பியதை, அழிக்கவும் முடியாமல் கேட்கவும் முடியாமல் வைத்திருந்தான். பெட்டியில் போட்டுக் கேட்டான். கேட்டுவிட்டு, "என்னமாப் பேசுது சித்தப்பு புள்ள!" என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடையைத் திறக்கப் போனான்.

அடுத்து வந்தவள் முனியசெல்வி. குவைத்தில் இருக்கிற புருஷன், நான் இங்க ஒருத்தியச் சேத்துக்கிட்டேன், நீ உன் வழியைப் பாத்துக்க என்று அனுப்பியிருந்தான். அவள் கேட்டு முடித்து, சரி அவரு வழி அவருக்கு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் ரசம் வைத்தாள். ரசம் நன்றாக வந்திருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அப்புறம் ஸ்கேன் சென்டரில் டாக்டரம்மா சொன்னதைத் திருட்டுத்தனமாகப் போனில் பிடித்து வந்தவர்கள், வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்கள், கண்மாய்க்கரை நிலத்துக்காக மூன்று தலைமுறையாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள் என்று, கைபேசியில் ஒரு வலியை வைத்திருந்த ஊர்ச்சனம் பூராவும் சீமைச்சாமி வீட்டு வாசலில் வரிசையில் உட்கார்ந்தது. ஹெட்போன் ஒன்றுதான் என்பதால் ஒருவர் கேட்கும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். சூடேறுகிற நேரத்துக்கு இருளாயி எல்லாருக்கும் மோர் கொடுத்தாள்.

மெல்ல மெல்ல அது ஊரின் வழக்கமாகியது. நோகடிக்கிற எதையும் நேருக்கு நேர் சொல்வது மரியாதைக் குறைவு என்றானது. ஒரே வீட்டில் இருக்கிற புருஷனும் பெண்டாட்டியும் சண்டை என்று வந்தால் ஆளுக்கொரு மூலையில் நின்று போனில் திட்டிப் பதிந்து, கைகோத்துக்கொண்டு சீமைச்சாமி வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். இழவு சொல்லப் போகிறவன் வாசலில் நின்று கத்தாமல் வாய்ஸ் அனுப்பினான். பொம்பளைகள் பெட்டியின் மரப்பலகைக்குச் சந்தனம் வைத்தார்கள். ஒருத்தி டியூப்புக்கே குங்குமம் வைக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டாள், அந்தச் சூட்டையும் பிரசாதம் என்றே எடுத்துக்கொண்டாள். வெள்ளாரேந்தல்காரன் கோபப்படமாட்டான் என்று பேரெடுத்து, வெளியூர்க்காரர்கள் தேடிவந்து பெண் கொடுத்தார்கள். ஒரே ஒரு குறை, அதை யாரும் குறையாக நினைக்கவில்லை: ஊரில் எவரும் எதற்கும் ஓடுவதில்லை. ஓட வேண்டிய காரியத்துக்கும் நடந்தே போனார்கள், பாதி வழியில் என்ன காரியம் என்று மறந்து திரும்பியும் வந்தார்கள்.

சீமைச்சாமியும் நடந்தார். பிள்ளையிடமிருந்து வாய்ஸ் வந்துகொண்டே இருந்தது. அவர் ஒன்றையும் விடாமல் பெட்டியில் கேட்டார். நகம் போய்விட்டது என்றான், கூட இருந்த திருநெல்வேலிப் பையன் மாடியிலிருந்து குதித்துவிட்டான் என்றான். அவருக்கு எல்லாச் சொல்லும் மனப்பாடம், கேட்டவர்களிடம் ஒப்பிப்பார். மாவட்டத் தலைநகரத்துக்குப் போக வேண்டும் என்பதும் தெரியும். காலையில் புறப்படுவார், பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போகும், போனால் போகிறது என்று ஜெகவீரன் கடையில் உட்கார்ந்துவிடுவார். எப்போதோ அவர் ஓடிய ஓட்டத்தின் பலன் மட்டும், அவரை விட்டுத் தனியாக அலுவலகம் அலுவலகமாக நடந்து, கடைசியில் ஒரு ஜீப்பாக ஊருக்குள் வந்து நின்றது.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் ரெஜினா மேடம். அந்த நாட்டில் மாட்டிக்கொண்டவர்களில் ஆபத்து அதிகமாக இருக்கிறவர்களை முதல் விமானத்தில் கூட்டிவர ஏற்பாடு நடக்கிறது, யார் யார் என்று விசாரித்துச் சொல்ல வேண்டியது இவர் பொறுப்பு. நல்ல மனுஷி, வெயிலில் சுற்றிக் கறுத்திருந்தார், ஒவ்வொரு வீட்டிலும் பெற்றவர்களோடு சேர்ந்து அழுதுவிட்டு வந்த கண்கள்.

"பையன் அனுப்புன வாய்ஸ் இருக்காமே, போடுங்க ஐயா. நான் காதால கேட்டாத்தான் மேல பேச முடியும்."

சீமைச்சாமி போனைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், அந்த அம்மா கேட்டிருப்பார். தட்டுவதற்கு முன்னால் அவருக்குக் கரிமூட்டத்தடியில் உட்கார்ந்த அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. அதை இன்னொரு தடவை கேட்கத் தன்னால் ஆகாது என்று தோன்றியது. அதற்குள் இருளாயி குறுக்கே வந்தாள்.

"அம்மா இம்புட்டு வெயில்ல வந்துருக்காக, அவுகளுக்குப் போயி அப்படியேவா போட்டுக் காட்டுவீக? நம்மள என்ன நெனப்பாக? மாட்டி விடுங்க."

வாசலில் நின்ற ஊர்ச்சனமும் ஆமாம் ஆமாம் என்றது. விருந்தாளிக்கு மொட்டைக் குரலைக் கேட்கக் கொடுக்கிற ஊரா இது? ஜெகவீரன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். சூடேறட்டும் என்று மோர் கொடுத்தார்கள். சீமைச்சாமியே தன் கையால் ரெஜினா மேடத்தின் தலையில் ஹெட்போனை, முடி சிக்காமல், பதவிசாக மாட்டிவிட்டார்.

அப்போது வந்திருந்த கடைசி வாய்ஸ் இது: "அப்பா, எங்களை வேற எடத்துக்கு வித்துட்டாங்களாம். சீக்கிரம் கொண்டு போயிருவாங்க. அங்க போனவங்க ஒருத்தரும் திரும்பலப்பா. இதான் கடைசி. யார் கால்ல விழுந்தாவது என்னை எடுத்துருங்கப்பா."

ரெஜினா மேடத்தின் முகத்தில் வழிநெடுகச் சேர்ந்திருந்த இறுக்கம் தளர்ந்தது. தலையை லேசாக ஆட்டிக்கொண்டு கேட்டார். எல்லாவற்றையும் கேட்டார். கழற்றும்போது தூங்கி எழுந்தவர் மாதிரி இருந்தார்.

"பையன் எவ்வளவு அழகாப் பேசுறான்! விக்கப்போறாங்கன்னு சொல்றான், ஆனா குரல்ல ஒரு பதட்டம் இல்லையே. மத்தவங்க பாவம், ரொம்பத் துடிக்கிறாங்க. அவங்களை முதல்ல கூட்டிட்டு வந்துருவோம் ஐயா. இவனை அடுத்த தடவை பார்த்துக்கலாம், சரியா?"

"சரிங்கம்மா" என்றார் சீமைச்சாமி. பிள்ளையின் குரலை ஒரு அதிகாரி மெச்சியதில் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நுங்கு வெட்டிக் கொடுத்து ஜீப் வரைக்கும் போய் வழியனுப்பினார்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் பராமரிப்பு என்று ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்தினார்கள். அன்றைக்குப் பார்த்து மணிபாரதியிடமிருந்து ஒரு வாய்ஸ் வந்தது. ரொம்பச் சின்னது. சீமைச்சாமி போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். டியூப் இரண்டும் கறுத்துக் கிடந்தன.

"கரண்டு வரட்டும்" என்றாள் இருளாயி.

"வரட்டும்" என்றார் அவர்.

மத்தியானம் போனை எடுத்துப் பார்த்தபோது வாய்ஸ் இருந்த இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. அவர் திரும்பக் கூப்பிட்டார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல். பிள்ளை என்ன சொன்னான், அப்பா என்று கூப்பிட்டானா, கூப்பிடக்கூட நேரமில்லாமல் போயிற்றா என்று இனி யாரிடம் கேட்பது? எதையாவது கேட்டாக வேண்டும் என்று தவித்து, பெட்டி ஓடவில்லை என்பதையே மறந்து, ரெஜினா மேடத்துக்குப் போட்டுக் காட்டிய அந்த வாய்ஸைக் கட்டைவிரலால் தட்டினார்.

மணிபாரதி அழுதுகொண்டிருந்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் பல் கிட்டித்தது. அப்பா என்பதைச் சின்னப் பிள்ளையில் ஜுரம் கண்டபோது கூப்பிட்டது போல இழுத்துக் கூப்பிட்டான், பின்னால் இன்னொரு பையன் அலறிக்கொண்டிருந்தான், கதவை யாரோ உதைத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவும் பெட்டியிலும் கேட்டதுதான். கேட்டுக் கேட்டுத் தூங்கியிருக்கிறார்.

ரெஜினா மேடத்துக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஏர்போர்ட் இரைச்சல்.

"இப்போ வந்து சொன்னா எப்படி ஐயா? விமானம் வந்து இறங்கியாச்சு. அந்த இடத்தையே காலி பண்ணிட்டாங்களாம், மிச்சம் இருந்தவங்களை எங்க கொண்டுபோனாங்கன்னு யாருக்கும் தெரியலை. அன்னைக்கே இப்படி அழுதிருக்கக் கூடாதா? நீங்க சிரிச்சுக்கிட்டேதானே மாட்டி விட்டீங்க?"

சீமைச்சாமி தெருவுக்கு வந்து விழுந்தார். அவர் வாயிலிருந்து வந்தது அழுகையா கத்தலா என்று சொல்ல முடியாது. வெள்ளாரேந்தல் அப்படி ஒரு சத்தத்தை வெகுகாலமாகக் கேட்டதில்லை. கரண்டு இல்லாததால் சனம் பூராவும் வாசலில்தான் இருந்தது. பிள்ளைகள் வீரிட்டன. பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். முனியசெல்விக்கு வாந்தி வந்தது. ஓடிவந்து தூக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் அந்தச் சத்தத்துக்குள் நுழைந்து அவரிடம் போய்ச்சேர ஒருவராலும் முடியவில்லை. கடைசியில் ஜெகவீரன்தான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, எட்டி நின்று தன் போனை நீட்டினான்.

"சித்தப்பு, கோச்சுக்கிடாதீக. இதுல சொல்லிருங்க. கரண்டு வந்ததும் எல்லாரும் கேட்டுக்கிறோம்."

"என் புள்ளைய நானே கொன்னுட்டேன்டா" என்று போனுக்குள் கத்தினார் சீமைச்சாமி. "என்னைய அடிங்கடா. யாராச்சும் வந்து என்னைய அடிச்சுக் கொல்லுங்கடா."

சாயங்காலம் கரண்டு வந்தது. இருளாயி பொத்தானை அமுக்கினாள், டியூப்கள் சிவந்து ஆரஞ்சாயின, வாசலில் வரிசை உட்கார்ந்தது. ஜெகவீரன் முதலில் கேட்டான், மனசு ஆறிப்போய் எழுந்தான். முனியசெல்வி கேட்டாள். காதைப் பொத்திய பெரியவர்கள் கேட்டார்கள். ஒவ்வொருவரும் தெளிந்த முகத்தோடு வெளியே வந்து, தெருவில் உட்கார்ந்திருந்த சீமைச்சாமியின் தோளைத் தட்டி, நல்லாச் சொல்லியிருக்கீக, மனசுல வச்சுக்கிடாம சொன்னீகளே அதுவே போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாரும் கேட்ட பிறகு இருளாயி கேட்டாள். பிறகு அவளும் வந்து அவர் பக்கத்தில் குந்தினாள்.

"புள்ள போயிட்டானாம்ங்க" என்றாள். "நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். எந்திரிங்க. நீங்க மட்டும்தான் இன்னும் கேக்கல."

அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். அந்த வலி மட்டும்தான் பிள்ளையிடமிருந்து அவருக்கு மிஞ்சியிருந்தது, அதையும் விட்டுவிட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் வலி அவரை மூச்சுவிட விடவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்தார், இன்னும் கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்தார். அப்புறம் இருளாயியின் கையைப் பிடித்து எழுந்து உள்ளே போனார்.

ஹெட்போனுக்குள் இதமாக இருந்தது. நடுவில், மிக நெருக்கத்தில், எங்கேயோ ஒரு தகப்பன் தன் பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். கனத்த, நல்ல குரல். சீமைச்சாமி கண்ணை மூடி முழுதும் கேட்டார். அந்த ஆளுக்கு என்ன கஷ்டமோ, பாவம் என்று நினைத்தார். கழற்றித் துடைத்துப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, வாசலில் வேறு யாராவது காத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.